செங்கமலத்தைத் தம்பி என்றார்கள்

செல்வி சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். பெரம்பலூரில் என் பக்கத்து வீட்டுப் பெண். லீவில் வரும்போதெல்லாம் என்னிடம் வந்து உட்கார்ந்து வார்டுக் கதைகளைச் சொல்வாள். போன மாதம் வந்தபோது, திருநங்கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் வார்டில் தன்னைப் போட்டிருப்பதாகச் சொன்னாள். கத்தி வைப்பதற்கு முன்பு மாதக்கணக்கில் உட்கார வைத்துப் பேசுவார்களாம். முடிந்த பிறகும் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார்களாம்.

"ஒங்க காலத்துல இவங்கல்லாம் என்ன பெரியம்மா செஞ்சாங்க?" என்று கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள், பேப்பர் படிக்க என் வீட்டுக்கு வரும் ஓய்வு பெற்ற வாத்தியார் முந்திக்கொண்டார். "அந்தக் காலத்துல ஏதும்மா இதெல்லாம்? எல்லாம் இப்ப வந்த கூத்து."

எழுந்து உள்ளே போய்விட்டேன். இந்த வயதில் கோபப்பட்டால் ரத்தக் கொதிப்பு ஏறும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஏறட்டும். எனக்கு அன்றிலிருந்து இறங்கவே இல்லை.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழப்பழுவூர் அக்ரஹாரத்தில் பிறந்தேன். வயதுக்கு வருவதற்கு முன்பே கல்யாணம், வந்த கொஞ்ச நாளில் வைதவ்யம். அப்பா ஊரை எதிர்த்துக்கொண்டு என்னைத் திருச்சிக்கு அனுப்பி நர்ஸ் வேலைக்குப் படிக்க வைத்தார். அங்கே பெட்பான் கழுவினேன், கட்டுப் போடக் கற்றேன், பிரசவம் பார்த்தேன். இரண்டாம் உலக யுத்தம் முடியும் சமயத்தில் அரியலூரில் வேலை கிடைத்தது. நிலக்காரர்கள் சேர்ந்து கட்டிய சின்ன ஆஸ்பத்திரி அது. இப்போது அது இல்லை. ஆண்களுக்கு ஒரு வார்டு, பெண்களுக்கு ஒரு வார்டு, வேப்பமரத்துக்கு அப்பால் காலராக்காரர்களைப் போட ஒரு கொட்டகை. நான் ஒருத்திதான் நர்ஸ்.

அங்கே இருந்த டாக்டரின் பெயர் வேண்டாம். அவருடைய பேரப்பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். நல்ல வேலைக்காரர். அதை மறைக்க மாட்டேன். காலையில் வந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் நாலாக மடிப்பார், நகக்கண் வரை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். அந்தத் தேய்ப்பு முடிகிறவரை யாரும் பேசக் கூடாது. கையை உதறியதும்தான் முதல் நோயாளியைப் பார்ப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. உத்தரவு போடும்போதுகூட, "செஞ்சுடலாம், இல்லையா சிஸ்டர்?" என்றுதான் கேட்பார். அந்த 'இல்லையா'வுக்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது என்பது புரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

ஒரு நாள் முற்பகல், ஆண்டிமடம் பக்கத்திலிருந்து ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. உயரமான, எலும்பு பருத்த ஒருத்தி இறங்கினாள். சேலைதான் கட்டியிருந்தாள். ஆனால் குரல் கனத்திருந்தது. வண்டிக்குள் வைக்கோல் மேல் இன்னொருத்தி, இருபது வயதிருக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

"என் மவங்க. நேத்துலேருந்து ஒண்ணுக்குப் போவல. வவுறு கல்லா இருக்கு. கொஞ்சம் பாருங்க நர்சம்மா" என்றாள் பெரியவள். அவள் பெயர் மரகதம். சின்னவள் செங்கமலம்.

இன்று திருநங்கை என்று மரியாதையாகச் சொல்கிறோம். அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் என்னென்ன சொன்னார்கள் என்பதை நான் எழுதப் போவதில்லை.

மேஜை மேல் படுக்க வைத்துத் துணியை விலக்கினேன். அறுத்திருந்தது. அதை அவர்கள் நிர்வாணம் என்பார்கள். ஆண் உடம்பை அறுத்தெறிந்து பெண்ணாவதற்கு, தாயம்மா என்று அவர்கள் கூப்பிடும் மூத்தவள் செய்வது. தையல் கிடையாது, மயக்க மருந்து கிடையாது. கொதிக்கும் நல்லெண்ணெய்தான் மருந்து. சிறுநீர் போகும் வழி மூடிவிடாமல் இருக்கச் சின்னக் குச்சி ஒன்றைச் செருகி வைப்பார்கள். அது நழுவி விழுந்துவிட்டது. அந்த இடம் வீங்கி, வழி அடைத்து, சீழ் கட்டியிருந்தது.

டாக்டர் வந்தார். கை கழுவினார், அதே நிதானத்தோடு. கொதிக்க வைத்த ரப்பர் குழாய்களில் மிக மெல்லியதாக ஒன்றை எடுத்தார். இடது கை விரல்களால் வீக்கத்தை ஒதுக்கி, வழியைத் தேடி, குழாயை ஒரு நூல் அளவு உள்ளே விட்டு, நிறுத்தி, மூச்சை இழுத்து விடச் சொல்லி, இன்னொரு நூல் அளவு விட்டார். அவசரமே இல்லை. சிறுநீர் பீங்கான் சட்டியில் விழும் சத்தம் கேட்டதும் செங்கமலம் அழுதாள். வலியால் அல்ல, அந்த நிம்மதி தாங்காமல். டாக்டர் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். அந்த நிமிஷத்தில் அவரை நான் தெய்வம் என்று நினைத்தேன்.

பிறகு அவர் கேட்டார். "யார் பண்ணது தம்பி?"

செங்கமலம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பயப்படாதே தம்பி. பேரை மட்டும் சொல்லு."

"நானேதான் அறுத்துக்கிட்டேன்" என்றாள்.

வாசலில் நின்றிருந்த மரகதம் உள்ளே ஓரடி எடுத்து வைத்தாள். "பொய் சொல்லுதுங்க. நான்தான் செஞ்சேன். புள்ள பொழைச்சாப் போதும்."

இதை நினைத்துப் பாருங்கள். வண்டியை அனுப்பிவிட்டு அவள் பாட்டுக்கு முந்திரித் தோப்புகளுக்குள் மறைந்திருக்கலாம். யாரும் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியாது. போலீஸ் வரும் என்று தெரிந்தேதான் வந்தாள்.

டாக்டர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பிடலாம், இல்லையா சிஸ்டர்?" என்றார்.

சட்டம் அப்படித்தான் இருந்தது. அறுத்தவளுக்குத் தண்டனை உண்டு. அதற்காக அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்று அன்றிலிருந்து உள்ளே உறுத்துகிறது. இந்தப் பெண் முதலில் எங்களிடம் வந்து, ஐயா, எனக்கு இந்த உடம்பு வேண்டாம் என்று சொல்லியிருந்தால், நாங்கள் என்ன செய்திருப்போம்? வாசலிலேயே சிரித்து விரட்டியிருப்போம். மயக்க மருந்தும் சுத்தமான கத்தியும் எங்கள் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. பூட்டி வைத்தவர்கள் நல்லவர்கள். தோப்புக்குள் எண்ணெய் காய்ச்சியவள் குற்றவாளி.

ஏட்டு வருவதற்குள் மரகதம் என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நர்சம்மா, நாப்பது நாளு அது கண்ணாடி பாக்கக் கூடாது. ஆம்பள மொகத்துல முழிக்கக் கூடாது. தல சீவக் கூடாது. முடிஞ்சு மஞ்சத் தண்ணி ஊத்தி, புதுப் பொடவ கட்டினப்பறம்தான் கண்ணாடி. அன்னிக்குத்தான் அது பொறந்த நாளு. ஒங்களுக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாத் தோணும். ஆனா அந்தப் புள்ள இதத்தான் புடிச்சுக்கிட்டுக் கெடக்கு. இதையும் புடுங்கிட்டா செத்துப்போயிரும்."

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஏட்டு அவளைத் தலைமுடியைப் பிடித்துத்தான் இழுத்துக்கொண்டு போனான். ஒருவரும் தடுக்கவில்லை, டாக்டர் உட்பட.

செங்கமலத்தை ஆண்கள் வார்டில் போடச் சொன்னார்கள். நான் மருந்து கலந்துவிட்டு வருவதற்குள் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். வயிற்றுக்கடுப்புக்காரன், கால் முறிந்தவன், அவர்களைப் பார்க்க வந்தவர்கள், வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்கள். ஒருவன் போர்வையைக் கைத்தடியால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். உடையார்பாளையத்திலிருந்து யாரையோ பார்க்க வந்திருந்த பெரிய மனுஷன், தோளில் ஜரிகைத் துண்டு போட்டிருந்தான். அவள் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உடம்பை மறைத்துக்கொள்ள வேண்டியவள் கண்ணை ஏன் மூடுகிறாள் என்று ஒரு கணம் விளங்கவில்லை. பிறகுதான் மரகதம் சொன்னது நினைவுக்கு வந்தது. இந்த நாட்களில் ஆண் முகத்தில் விழிக்கக் கூடாது. அதைத்தான் அந்தப் பெண் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தடியைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். "போடா வெளியே!" என்று கத்தினேன். நான் அதுவரை எந்த ஆம்பளையையும் 'டா' போட்டதில்லை. இரண்டு ஆயாக்களைக் கூப்பிட்டுக் கட்டிலைத் தூக்கவைத்து, காலியாகக் கிடந்த காலராக் கொட்டகைக்குக் கொண்டு போனேன். ஜன்னலுக்குப் பழைய போர்வையைக் கட்டினேன். மருந்து அலமாரியின் கண்ணாடிக் கதவில் முகம் தெரியும் என்று அதை அங்கே வைக்கவே விடவில்லை.

டாக்டர் மறுநாள் சொன்னார். "என்னைக் கேட்டிருக்கலாம், இல்லையா சிஸ்டர்?"

"ஆமாம் டாக்டர்" என்றேன். கட்டிலை மட்டும் திருப்பிக் கொண்டு வரவில்லை.

சிகிச்சை எளிமையானதுதான், ஆனால் ஒரு வேளை தவறக் கூடாது. அகலமான தொட்டியில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, ரோஜா நிறம் வரும்வரை பர்மாங்கனேட் போட்டு அதில் உட்கார வைக்க வேண்டும். நிறம் கூடினால் புண் எரியும், குறைந்தால் பயனில்லை. பிறகு கொதிக்க வைத்த துணியால் ஒற்றி எடுத்து, சல்பா பவுடரைத் தூவி, தளர்வாகக் கட்டுப் போட வேண்டும். குழாயை எடுத்துக் கழுவி மறுபடி வைக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். முதல் சில நாட்கள் பேசவே மாட்டாள். நான் பேசுவேன். வெயில், மழை, ஆயாக்களின் சண்டை, என்ன வாயில் வருகிறதோ அது.

ஒரு நாள் காய்ச்சல் இறங்கிய பிறகு அவளாகப் பேசினாள்.

"எங்கம்மா என்ன சும்மா அறுத்துப்புடல நர்சம்மா. ரெண்டு வருஷம் காக்க வச்சுது." எங்கம்மா என்று அவள் சொன்னது மரகதத்தை. "நான் கேக்கறப்பல்லாம் வேண்டாம்னே சொல்லும். சமைக்கப் போடும், சண்ட போடும், வூட்டுக்குப் போயி பெத்தவளப் பாத்துட்டு வான்னு தொரத்தும். சாவுறதுக்குத் தயாரான்னு கேக்கும். தயார்னு சொன்னா, போடி, சாவுறதுக்குத் தயாரானவளுக்கு நான் செய்ய மாட்டேன், பொழைக்கறதுக்குத் தயாரானப்பறம் வான்னுடும்."

"அப்பறம்?"

"சேவல் மேல ஒக்காந்திருக்கிற எங்க மாதா படத்துக்கு முன்னாடி என்ன ஒரு வாரம் ஒக்கார வச்சுது. யாருகூடவும் பேச்சுக் கெடையாது. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு, ஓடிப்போவணும்னா கதவு தொறந்துதான் இருக்குன்னுச்சு. நான் போவல. முடிஞ்சப்பறம் ஒரு நாளு அழுவ வரும், கெணத்துல விழுந்துரலாம்னு இருக்கும், அன்னிக்கு எங்கிட்ட வந்து ஒக்காந்துக்கன்னும் சொல்லுச்சு. இப்ப அது செயில்ல கெடக்கு. நான் யாருகிட்ட போயி ஒக்கார்றது?"

அந்த நாள் வந்தது. ஒரு காலை கட்டுப் பிரிக்கப் போனால், சாப்பிடாமல், முகம் வீங்கி, சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். தப்புப் பண்ணிட்டோம்னு தோணுதா என்று கேட்டேன்.

"அதுக்கு இல்ல. அறுத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீரு வரல. என்னப் பெத்தவளுக்கு இந்நேரம் சேதி போயிருக்கும். ஊரு அவள என்னா பேசும்னு நெனைச்சாத்தான்..."

திருச்சியில் இதற்குப் பாடம் இல்லை. கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே கூப்பிட்டார்கள். போகவில்லை. அவள் அழுது முடித்துக் கஞ்சி கேட்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

புண் ஆறத் தொடங்கியது. சிவப்பாக, சுத்தமாக, ஓரத்திலிருந்து தோல் கூடி வந்தது. டாக்டருக்கே திருப்தி. பார்த்துவிட்டு வெளியே வந்தவர் சொன்னார், "தம்பியோட அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். வந்து கூட்டிட்டுப் போகட்டும். அதுக்கு முன்னாடி தலையை மழிச்சு, ஒரு வேட்டியைக் கட்டிவிட்டா பார்க்க லட்சணமா இருக்கும், இல்லையா?"

"இல்லை டாக்டர்" என்றேன்.

அவர் நின்றார். அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலை அவர் கேட்டதே இல்லை.

"அந்த முடியை அவள் வருஷக்கணக்கா வளர்த்திருக்கா. அது நோய் இல்லை."

"அவன் நல்லதுக்குத்தானே சொல்றேன்" என்று சிரித்தார்.

அவன் நல்லதுக்கு. எனக்குப் பதினாலு வயதில் இதே வார்த்தையைச் சொல்லித்தான் என்னைப் பின்கட்டில் மணையில் உட்கார வைத்து மழித்தார்கள். கத்தி காதோரம் வரும்போது உண்டாகும் குளிர்ச்சி எனக்குத் தெரியும். நீ யார் என்பதை நாங்கள் முடிவு பண்ணிவிட்டோம், உன் தலையிலேயே எழுதிவிட்டோம் என்பதுதான் அதற்கு அர்த்தம். இதை அவரிடம் சொல்லவும் செய்தேன். வராந்தாவில், ஆயாக்கள் காதுபடச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "மன்னிச்சுக்குங்க சிஸ்டர், எனக்குத் தெரியாது" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை, கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் ஒரு நிலக்காரர் வீட்டில் கஷ்டமான பிரசவம் என்று என்னை வண்டியில் அனுப்பினார். போனால் அந்தப் பெண்ணுக்கு வலியே எடுக்கவில்லை. "டாக்டர் ஐயா சும்மா ஒரு தரம் பாத்துட்டு வரச் சொன்னாராமே?" என்றார்கள். அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. வண்டிக்காரனை விரட்டிக்கொண்டு திரும்பினேன்.

கொட்டகை வாசலில் முடி கிடந்தது. பெருக்கக்கூட இல்லை.

செங்கமலம் வெள்ளை வேட்டியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்களாம். அழவில்லை. "தலைக்கு ஒரு துணி குடுங்க நர்சம்மா" என்றாள். என் முந்தானையைக் கிழித்துக் கொடுத்தேன்.

நேராக டாக்டர் அறைக்குப் போனேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பேசக் கூடாது என்ற சட்டத்தை உடைத்தேன். என்ன சொன்னேன் என்பது வரிக்கு வரி நினைவில்லை. சீழைத் துடைத்த கையாலேயே மனுஷியைக் கொன்றுவிட்டீர்கள் என்று சொன்னது நினைவிருக்கிறது. அவர் தண்ணீரை உதறிவிட்டு, "உங்களுக்கு ஓய்வு வேணும், இல்லையா?" என்றார். திட்டியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

மறுநாள் அண்ணன்காரன் வந்தான். தம்பிக்கு ஏதோ காயம், ஆறிவிட்டது என்று மட்டும்தான் டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். மொட்டைத் தலையைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம்.

"இப்பதான்டா ஆளாட்டம் இருக்க. வா, வூட்டுக்குப் போவலாம். ஒனக்குப் பொண்ணு பாத்திருக்கோம். ஒரு கல்யாணத்தப் பண்ணிவச்சா எல்லாம் சரியாப்போயிடும்."

செங்கமலம் இந்தத் தடவை கண்ணை மூடிக்கொள்ளவில்லை, அவனையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் நான் கேட்டேன். அடங்கவே இல்லை. சிரிப்பின் நடுவில் அவளே சொன்னாள், என்ன நடந்தது என்று, ஒளிக்காமல். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. எழுந்து வெளியே போனான்.

"அம்மாகிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லுண்ணே" என்று பின்னாலேயே கூப்பிட்டுச் சொன்னாள். சொன்னானோ என்னவோ.

நாற்பது நாள் முடிந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டிய மரகதம் சிறையில் இருந்தாள். ஆயாக்களைக் கேட்டேன், மாட்டேன் என்றார்கள். விடியற்காலையில் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து வைத்துவிட்டு, செங்கமலத்திடம் செம்பை நீட்டினேன். "நீயே ஊத்திக்கோ."

"நீங்க ஊத்துங்க."

"நான் ஊத்தக் கூடாதும்மா. நான் அறுத்தவ." தாலி அறுத்தவள் நல்ல காரியத்துக்கு ஆகாது என்பது எனக்குள் அவ்வளவு ஊறியிருந்தது.

செங்கமலம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நானுந்தான் அறுத்தவ. ஊத்துங்க நர்சம்மா."

ஊற்றினேன். மொட்டைத் தலையில் மஞ்சள் தண்ணீர் வழிந்தது. ஆஸ்பத்திரி ஜன்னல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று ஒரு செம்பு கூடவே ஊற்றினேன். பச்சைப் புடவை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதைக் கட்டிவிட்டு, நெற்றியில் குங்குமம் வைத்து, கண்ணாடியைக் கொடுத்தேன். நீண்ட நேரம் பார்த்தாள். "முடி வளந்துரும்" என்று மட்டும் சொன்னாள், கண்ணாடியில் இருந்தவளிடம்.

மரகதத்தின் வழக்கில் டாக்டர் சாட்சி சொன்னார். சுருக்கமாக, துல்லியமாக, மரியாதையாக. மரகதம் தானே செய்ததாக ஒப்புக்கொண்டதால் விசாரணை நீளவில்லை. பச்சைப் புடவையும் தலைத்துணியுமாக செங்கமலம் கோர்ட்டில் கடைசி வரை நின்றாள். தண்டனை முடிந்து வெளியே வந்த மரகதம் அப்புறம் கத்தியைத் தொடவில்லை. வந்து கேட்டவர்கள் ரயிலேறி வடக்கே எங்கெங்கோ போனார்கள். சிலர் திரும்பவே இல்லை. அவர்களை யார் கொன்றது என்று எந்தக் கோர்ட்டும் கேட்கவில்லை.

என்னைப் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு டிஸ்பென்சரிக்குத் தள்ளிவிட்டார்கள். ஓய்வு தேவைப்படுகிறவள் என்று டாக்டர் சிபாரிசு செய்திருந்தார். அவருடைய பிரிவு உபசார விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. போகவில்லை. கை ராசியைப் பற்றி எல்லோரும் பேசினார்களாம்.

சில வருஷங்கள் கழித்து ஒரு சந்தை நாள். டிஸ்பென்சரியில் நல்ல கூட்டம். வரிசையைத் தாண்டி யாரோ உள்ளே வந்தார்கள். நிமிர்ந்தால் செங்கமலம். பூசினாற்போல உடம்பு, வாயில் வெற்றிலை. கொண்டையை ஒரு கையால் அவிழ்த்துவிட்டாள். இடுப்பு வரை இறங்கியது.

"எப்படி இருக்கே? உடம்புக்கு என்ன?" என்று பதறினேன்.

"ஒண்ணுமில்ல நர்சம்மா. நல்லாத்தான் இருக்கேன்." ஸ்டூலை இழுத்துப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "சட பின்னிவுடுங்க."

என் தலையில் மறுபடி முடி வளர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன, ஆனால் நான் யாருக்கும் சடை பின்னியதில்லை. சீப்பைத் தேடி எடுத்து, மூன்றாகப் பிரித்தேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண்பிள்ளை, "இதுக்கெல்லாம் இங்க சேவகம், நாங்க காத்துக் கெடக்கணுமா?" என்று சத்தமாகவே சொன்னாள்.

"ஆமாம், காத்திருங்க" என்றேன். அவிழ்ந்துவிடாதபடி இறுக்கி, நுனி வரைக்கும் பின்னினேன்.